மரபணு டெஸ்ட் எடுத்துப் பல வருஷம் கழித்து எழுதும் ரிவ்யூ

கோவையில் பரம்பரைப் புற்றுநோய்க்கான மரபணு டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று நெட்டில் தேடினால் கிடைக்கிற ரிவ்யூ எல்லாம் ரத்தம் கொடுத்த அன்றைக்கே எழுதியவை. ஏசி நன்றாக இருந்தது, ஊசி வலிக்கவில்லை, ரிசப்ஷனில் மரியாதையாகப் பேசினார்கள், ஐந்து ஸ்டார். சந்தோஷம். ஆனால் ஊதா மூடி போட்ட சின்ன டியூபில் ரத்தம் எடுப்பது எந்த லேபிலும் ஐந்து நிமிட வேலை, இந்த டெஸ்ட் நம் வாழ்க்கையில் வேலையைக் காட்ட ஆரம்பிப்பது ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு. நான் எடுத்தது 2017-ல். அதனால் லேட்டான ரிவ்யூ, கொஞ்சம் நீளமாகவும் போகும். லேப் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர் எதையும் போடவில்லை, கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற குறைகள் அந்த ஒரு இடத்தோடு முடிகிறவை அல்ல என்பதை மற்ற குடும்பங்களிடம் பேசியதில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் கோபி பக்கம். எனக்கு வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அம்மாவுக்கு சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 58. அதற்குப் பல வருஷம் முன்பே சின்னம்மாவுக்கு 41 வயதில் மார்பகத்தில் வந்திருந்தது. அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) எதில் போனார் என்று கேட்டால் "வயித்துல கட்டி" என்பார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது, அந்தக் காலத்தில் யார் போய் பயாப்ஸி எடுத்தார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குக் கீமோ கொடுத்த டாக்டர்தான் ஒருநாள் கேஸ் ஷீட்டைப் பார்த்தபடியே "உங்க அம்மா கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருக்குதுங்களா" என்று கேட்டுவிட்டு, பரம்பரை நோய்களுக்கு ஆலோசனை சொல்லும் ஜெனடிக் கவுன்சிலரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் சின்ன அறை. இந்த ரிவ்யூவில் நான் முழு மார்க் போடப்போவது அந்த அறைக்கு மட்டும்தான். கவுன்சிலர் சின்ன வயசுப் பெண், பாலக்காட்டுப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. ரத்தம் எடுப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்பா வழியில் என்ன கூட்டம், எந்தக் கோயில், எந்தத் தோட்டம் எந்தப் பங்காளிக்குப் போனது என்று ஏழு தலைமுறை அப்பா ஒப்பிப்பார். அதில் பெண்கள் இல்லை. கட்டிக்கொடுத்த அத்தைகளுக்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் போனார்கள் என்பதை அவர் யோசித்து யோசித்துத்தான் சொன்னார். அம்மா வழியில் நிலைமை இன்னும் மோசம், அமுச்சியின் அக்கா ஒருவர் சத்தியமங்கலத்தில் வாக்கப்பட்டு இளவயதிலேயே இறந்தார் என்பது வரைக்கும்தான். இந்த மாதிரிப் புற்றுநோயைக் கொண்டுவரும் ஜீன் பழுது அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும், பிள்ளை ஆணோ பெண்ணோ வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று கவுன்சிலர் சொன்னபோது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மார்பகப் புற்றுநோய் என்றால் அது பொம்பளை வழிச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அன்று ராத்திரியே தன் அத்தைகள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தார்.

முதலில் எனக்கு எடுக்கச் சொல்லித்தான் நான் போனேன். கவுன்சிலர் மறுத்துவிட்டார். நோய் வந்தவருக்கு முதலில் எடுக்க வேண்டும், அவரிடம் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடித்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும், "இல்லை" என்று வந்தால் அந்த இல்லைக்கு அர்த்தமும் இருக்கும். நேராக எனக்கு எடுத்து ஒன்றுமில்லை என்று வந்திருந்தால், வீட்டில் பழுதே இல்லையா, இருந்தும் எனக்கு வரவில்லையா, லேப் பார்க்காத ஜீனில் இருக்கிறதா என்று எதுவும் தெரிந்திருக்காது. டெஸ்ட் விற்கிற ஆள் இதைச் சொல்ல மாட்டார். இன்றைக்கு வீட்டுக்கே வந்து எச்சில் வாங்கிக்கொண்டு போகும் கம்பெனிகள் வந்துவிட்டன, யாருக்கு முதலில் எடுப்பது என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அம்மாவின் ரிப்போர்ட் நாலு வாரத்தில் வந்தது. பிஆர்சிஏ 1 ஜீன், 17-வது குரோமோசோமில் இருப்பது, அதில் இரண்டு எழுத்து காணாமல் போயிருக்கிறது, பழைய பெயர் 185 டெல் ஏஜி. டிஎன்ஏ அறுந்தால் ஒட்டிச் சரி செய்கிற வேலை இந்த ஜீனுடையது, அது படுத்துவிட்டால் செல்களில் பழுது சேர்ந்துகொண்டே போகும். இந்தக் குறிப்பிட்ட மாற்றம் கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது, அங்கிருந்து வராமல் இங்கே தனியாகவே உண்டானதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அமுச்சி பவானிசாகர் அணையைத் தாண்டிப் போனவர் இல்லை. அவர் ரத்தத்தில் என்னென்ன ஓடியிருக்கிறது பாருங்கள். அம்மாவுக்கு இந்த ரிப்போர்ட்டால் இன்னொரு உபயோகமும் இருந்தது. பிஆர்சிஏ பழுது உள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒலாபரிப் என்ற மாத்திரை வேலை செய்யும், 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. விலையைப் பற்றி இங்கே வேண்டாம், அது தனிக் கதை.

அப்புறம் எனக்கும் தங்கைக்கும் எடுத்தார்கள். எனக்கு இருக்கிறது, தங்கைக்கு இல்லை.

எண்களைச் சொல்லிவிடுகிறேன், நெட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, பழுதுள்ள ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தது. அதன்படி 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ 1-ல் 72 சதவீதம், அதே மாதிரி இன்னொரு ஜீனான பிஆர்சிஏ 2-ல் 69. சினைப்பையில் வருவது முறையே 44, 17. ஏஞ்சலினா ஜோலி 2013-ல் எழுதியபோது தனக்கு 87 சதவீதம் என்று டாக்டர்கள் சொன்னதாகச் சொல்லியிருந்தார், என் தலையில் அந்த எண்தான் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கவுன்சிலர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வயது வாரியாகப் பிரித்துக் காட்டினார். 80 வயதுக்குள் 72 என்பது வேறு, அடுத்த பத்து வருஷத்தில் எவ்வளவு என்பது வேறு. எனக்கு அப்போது 33. அடுத்த பத்து வருஷத்துக்கான எண் அதைவிட நிறையவே குறைவு, அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். ரிப்போர்ட்டில் இப்படிப் பிரித்துப் போட்டிருக்கவில்லை. பதினாறு பக்க இங்கிலீஷ், அதில் பாதி லேபின் பொறுப்புத்துறப்பு.

இங்கே லேபைப் பற்றி. வேலை சுத்தம். சொன்ன தேதிக்கு ரிப்போர்ட், சாம்பிள் மாறியதா என்று சரிபார்க்க இரண்டாவது டியூப், பெரிய துண்டாக ஜீன் போயிருந்தால் அதைப் பிடிக்கும் எம்எல்பிஏ சோதனையும் விலைக்குள்ளேயே. (சில இடங்களில் இதற்குத் தனிக் காசு, சில இடங்களில் செய்வதே இல்லை, முன்கூட்டியே கேளுங்கள்.) அம்மாவுக்கு இருபத்தையாயிரத்தை ஒட்டி ஆனது, இப்போது குறைந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு இடத்தை மட்டும் பார்த்ததால் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. குறை எங்கே என்றால், குடும்பத்தாருக்கான அந்தச் சலுகை ரிப்போர்ட் வந்த மூன்று மாதம் வரைக்கும்தான். எந்த ஊர்க் குடும்பம் ஐயா மூன்று மாதத்தில் இதைப் பேசி முடிவெடுக்கும்? சின்னம்மா மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொருத்தம் பார்த்து, மண்டபம் பிடித்து, கல்யாணம் முடிந்து, முதல் குழந்தையும் பிறந்த பிறகுதான் இந்தப் பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடிந்தது. அப்போது போனால் சலுகை காலாவதி, பழைய ரிப்போர்ட் நம்பரைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் அலைய வைத்தார்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கடிதம் தருகிறார்கள், அதுவும் இங்கிலீஷில். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? கடைசியில் நானே தமிழில் எழுதி, கவுன்சிலரிடம் காட்டித் திருத்தி, பெரியம்மா வீடு, மாமா வீடு எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா படித்துவிட்டு, "ஏன் கண்ணு, வந்த நோய்க்கு டெஸ்ட் எடுப்பாங்க, வராத நோய்க்கு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான், ஊரில் பாதிப்பேர் கேட்பது. அவருக்குப் பதில் சொல்ல ஒரு முழுச் சாயங்காலம் ஆனது.

மனசுக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதைப் பற்றி வந்த ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது, ரிப்போர்ட் வந்ததும் பயமும் தூக்கமின்மையும் ஏறும், ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பழைய நிலைக்கு இறங்கிவிடும் என்பது. எனக்கும் ஏறத்தாழ அப்படித்தான். முதல் சில மாதம் குளிக்கும்போதெல்லாம் கை தானாக மார்பைத் தடவிப் பார்க்கும், ஆடிட் நேரத்தில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அது தேய்ந்தது. ஆனால் முழுசாகப் போவதில்லை, ஸ்கேன் தேதி நெருங்கினால் வரும், சொந்தத்தில் யாருக்காவது புற்றுநோய் என்று கேள்விப்பட்டால் வரும், நம் அம்மாவுக்கு வந்த வயதை நாம் நெருங்க நெருங்க வரும். வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்திருக்க மாட்டேன். லேபில் இருந்தோ ஆஸ்பத்திரியில் இருந்தோ அந்த முதல் வருஷத்தில் ஒரு போன் வரவில்லை. பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வந்தது, கூடவே மாஸ்டர் ஹெல்த் செக்கப் பத்து சதவீதத் தள்ளுபடி.

வருஷாவருஷம் எம்.ஆர்.ஐ., அதோடு மேமோகிராம். பழுதுள்ளவர்களுக்கு 25 வயதில் இருந்து எம்.ஆர்.ஐ., 30-ல் இருந்து மேமோகிராமும் சேர்த்து என்பது உலக வழக்கம். மார்பக எம்.ஆர்.ஐ. குப்புறப் படுத்து எடுப்பது, கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள், அரை மணி நேரம் அசையக் கூடாது, தடதடவென்று தறி ஓடுகிற சத்தம். மாதவிடாய் வருகிறவர்களுக்கு அது வந்து ஒரு வாரம் கழித்து, இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். இதை அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறவர்கள் கேட்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தைத் தொட்டுவிடும். டெஸ்ட்டுக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்த்து எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது ஒரு முறைச் செலவு கிடையாது. ஒரு வருஷம் இடதுபக்கம் ஏதோ தெரிகிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. சின்னதையும் விடாது, பிடிப்பதில் பாதி ஒன்றுமில்லாததாகப் போகும் என்று டாக்டர் சொன்னார். சொல்வது சுலபம். அந்த ஆறு மாதத்தில் ஒரு பொங்கல் வந்தது, ஒரு கல்யாணம் வந்தது, சீர் வரிசை தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன். கடைசியில் ஒன்றுமில்லைதான்.

மார்பகங்களை முன்கூட்டியே எடுத்துவிடலாம், வரும் வாய்ப்பு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறையும். நான் எடுக்கவில்லை, இப்போதைக்கு ஸ்கேனே போதும் என்று முடிவு செய்தேன், அது என் முடிவு, எடுத்துக்கொண்டவர்களில் நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். சினைப்பை விஷயம் வேறு. அதற்கு நம்பிப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஸ்கேனும் கிடையாது. சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வருஷாவருஷம் எடுத்தாலும் உயிரிழப்பு குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் பிஆர்சிஏ 1 என்றால் 35-லிருந்து 40-க்குள், குழந்தை பெற்று முடித்த பிறகு, சினைப்பையையும் சினைக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ 2-க்குக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். நான் 39-ல் எடுத்தேன். லேப்ராஸ்கோப்பி, மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் நாற்பது தாண்டினால் "கர்ப்பப்பை எடுத்தாச்சுங்" என்று சொல்லாத வீடு குறைவு. பெரியம்மாவும் அப்படித்தான், எனக்கு ஒரு பயமும் இல்லை, எல்லாம் எப்பவோ எடுத்தாச்சு என்றார். ஈரோட்டில் எடுத்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பார்த்தால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருக்கிறார்கள், சினைப்பை இரண்டும் அப்படியே உள்ளே. வயது குறைவான பெண்ணுக்கு அதை விட்டுவைப்பது சரியான வைத்தியம்தான், ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஆபத்து இருக்கும் இடம். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் சம்மரியை வாங்கிப் படியுங்கள். இன்னொன்று, முன்கூட்டி எடுத்த சினைக்குழாயைப் பேத்தாலஜியில் சாதாரணமாக ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால் போதாது. இந்தப் புற்றுநோய்களில் நிறைய, குழாயின் நுனியில்தான் ஆரம்பிக்கின்றன, நுனியை மெல்லிசாகச் சீவி முழுசாகப் பார்க்க வேண்டும், வெளியே தெரியாத சின்னப் புற்று சிலருக்கு அப்போதுதான் அகப்படுகிறது. பிஆர்சிஏ கேஸ் என்று படிவத்தில் எழுதியனுப்பினால்தான் அப்படிப் பார்ப்பார்கள். என் படிவத்தில் எழுதவில்லை, கவுன்சிலர் போன் போட்டுச் சொன்ன பிறகு சேர்த்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் உடம்புக்கு உண்மையான நீண்டகால விளைவு. மாதவிடாய் மெதுவாக நின்றால் உடம்பு பழகும், இது ஒரே நாளில் சுவிட்சை அணைத்தது. வைகாசி வெயிலில் திருப்பூரில் எல்லோருக்கும்தான் வியர்க்கும், ஆனால் மார்கழியில் விடிகாலை எழுந்து ஃபேன் போடுகிற ஆள் நான் ஒருத்தி. தூக்கம் போச்சு, மூட்டு பிடித்துக்கொண்டது, கணவர் மேல் எரிந்து விழுந்தேன், தாம்பத்தியத்தில் வறட்சி, இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். எலும்பு தேய்வதும், இதயத்துக்கு வரும் ஆபத்தும் கூடுவதும் சேர்த்தி. ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார் கோவை டாக்டர். ஊரில் ஒரு டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு "இதைச் சாப்பிட்டா மார்புல வந்துரும்" என்று பயமுறுத்தினார். மார்பகப் புற்றுநோய் வராத பிஆர்சிஏ பெண்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை குறைந்த அளவில் கொடுப்பதில் பெரிய ஆபத்தை ஆய்வுகள் காட்டவில்லை, கொடுக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கும். எனக்குக் கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்துத்தான் தருகிறார்கள். இப்போது பரவாயில்லை. டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பைப் பார்த்துக்கொள்கிறேன், காலையில் ராகி, சாயங்காலம் நடை.

இன்சூரன்ஸ். இந்த ஆபரேஷனுக்குக் கிளெய்ம் போட்டால், நோயே இல்லாதபோது ஆபரேஷன் எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்து கட்டினோம். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மரபணுக் காரணத்தைச் சொல்லிக் கிளெய்மை மறுப்பது பாகுபாடு என்று ஒரு இதய நோயாளியின் வழக்கில் தீர்ப்பு சொன்னது, பேப்பரில் பெரிதாக வந்தது. அமெரிக்காவில் மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2008-லேயே தனிச் சட்டம், அதிலும் ஆயுள் காப்பீடு சேராது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. கவுன்சிலர் ரத்தம் எடுப்பதற்கு முன்பே பாலிசி இருக்கிறதா என்று கேட்டிருந்தார், அப்போது என்னத்துக்குக் கேட்கிறார் என்று புரியவில்லை, பிறகு புதுப் பாலிசிக்குப் படிவம் நிரப்பியபோது நன்றாகப் புரிந்தது.

தங்கைக்கு இல்லை என்று வந்ததை நாங்கள் கொண்டாடியிருக்க வேண்டும். அவள் அழுதாள். "அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருக்குது, எனக்கு மட்டும் எப்படி" என்று ரொம்ப நாள் என்னோடு சரியாகவே பேசவில்லை, என் ஸ்கேன் நாட்களில் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். இப்படிக் குற்ற உணர்ச்சி வருவது சகஜம் என்று கவுன்சிலர் சொன்னார். இன்னொரு பக்கம், எனக்குத்தான் இல்லையே என்று மேமோகிராம் பக்கமே போகாமல் விட்டாள். இல்லை என்றால் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள அளவு ஆபத்து அவளுக்கும் உண்டு, பூஜ்யம் கிடையாது, அதைச் சொல்லிப் புரிய வைத்தது நான், லேப் அல்ல. அவளுக்கு மாமா மகனைப் பேசியிருந்தார்கள், உரிமை மாப்பிள்ளை. மாமாவும் அமுச்சியின் பிள்ளை என்பதால் அந்தப் பையனிடமும் இருக்கலாம். கணவன் மனைவி இருவரிடமும் ஒரே ஜீனில் பழுது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் நிலைமை வேறு. பிஆர்சிஏ 2-ல் ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான ரத்த நோய் வரும், எங்கள் வீட்டு பிஆர்சிஏ 1-ல் கரு தங்குவதே அபூர்வம். சொந்தத்தில் கொடுத்து வாங்குகிற நம் ஊரில் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். தங்கைக்கு இல்லாததால் கல்யாணம் தடையில்லாமல் நடந்தது.

அண்ணன்தான் ரொம்ப இழுத்தடித்தான். "எனக்கெங்கே மார்பு, எனக்கெங்கே சினைப்பை" என்பான். ஆண்களுக்கும் மார்பகத்தில் வரும், புராஸ்டேட், கணையம் எல்லாம் கணக்கில் உண்டு, அதைவிட முக்கியம் அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணி பிடிவாதம் பிடித்து 2021-ல் கூட்டிப்போனார். அவனுக்கும் இருக்கிறது.

வீட்டுக்காரரின் அக்கா கதையைச் சொல்லாமல் இந்த ரிவ்யூ முடியாது. பொள்ளாச்சிப் பக்கம், அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து 2018-ல் வேறொரு லேபில் நிறைய ஜீன்கள் சேர்ந்த பேனல் எடுத்தார்கள். ஏடிஎம் என்ற ஜீனில் ஒரு மாற்றம், அது நல்லதா கெட்டதா தெரியவில்லை, அப்படிப்பட்டதற்கு லேப் வைக்கும் பெயரான வியுஎஸ் என்று வந்தது. நம் ஆட்களுக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் உலகத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பியர்களுடையது, நம்மிடம் இருக்கும் சாதாரண மாற்றமும் அவர்களுக்குப் புதுசாகத் தெரியும். பிற்பாடு வகை மாறுகிறவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை என்றுதான் முடிகின்றன. இதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது விதி. ஒரு சர்ஜன் அதைப் பாசிட்டிவ் மாதிரியே எடுத்துக்கொண்டு மறுபக்கத்தையும் எடுத்துவிடலாம், மகளுக்கும் டெஸ்ட் எடுங்கள் என்றார். எங்கள் கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டியதில் தப்பித்தார்கள். வருஷங்கள் கழித்து நான் சும்மா ஒருநாள் கவுன்சிலரிடம் கேட்டு வைத்ததில், கிளின்வார் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பார்த்துவிட்டு, அது தீங்கில்லாதது என்று எப்போதோ வகை மாற்றப்பட்டிருக்கிறது என்றார். டெஸ்ட் எடுத்த லேபில் இருந்து ஒரு வரி வரவில்லை. கேட்டால், ரிப்போர்ட் கேட்ட டாக்டருக்கு அனுப்பினோம் என்றார்கள், அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய் ரொம்ப நாளாச்சு. அத்தனை வருஷமும் அந்த அக்கா மகளைப் பார்க்கும்போதெல்லாம் பயந்துகொண்டிருந்தார்.

என் மகளுக்கு இப்போது 14. அவளுக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது. பெரியவளாகி அவளே முடிவு செய்ய வேண்டிய விஷயம், 25 வரை அவளுக்கு இதனால் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும், வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்க். லேபின் அறிவியலுக்கு ஐந்துக்கு நாலரை. முதல் கவுன்சிலிங்குக்கு ஐந்து, அதற்கு வாங்கிய ஆயிரம் சொச்சம் ரூபாய்தான் இந்த மொத்தச் செலவில் நன்றாகச் செலவான காசு. அதற்குப் பிறகு வந்த வருஷங்களுக்கு ஒன்று, அதுவும் கவுன்சிலர் தன் சொந்த நம்பரைக் கொடுத்திருந்ததால். அவர் பெங்களூருக்கு மாறிப் போய்விட்டார், இப்போதும் வாட்ஸாப்பில் பதில் போடுகிறார், ஒரு ஆஸ்பத்திரி செய்ய வேண்டிய வேலை ஒரு பெண்ணின் நல்ல மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. டெஸ்ட் எடுத்தது சரிதானா என்றால், சரிதான், மறுபடியும் எடுப்பேன். அம்மா 2020-ல் போய்விட்டார், எனக்கு அந்த நோய் அந்த இடத்தில் வரும் வாய்ப்பு இப்போது மிகமிகக் குறைவு.

போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியது: நோய் வந்தவரின் பயாப்ஸி ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், இரண்டு பக்கச் சொந்தத்திலும் யாருக்கு எந்த வயதில் என்ன என்று எழுதிய தாள், பாலிசி விவரம். நோய் வந்தவர் இறந்துவிட்டிருந்தால், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டியில் வைத்த திசு இருக்கிறதா என்று விசாரியுங்கள், சில சமயம் அதில் இருந்தும் எடுக்க முடிகிறது. காசு கட்டுவதற்கு முன் லேபில் மூன்று கேள்வி கேளுங்கள்: பெரிய துண்டு போயிருந்தால் பிடிப்பீர்களா, குடும்பச் சலுகை எத்தனை நாள், ரிப்போர்ட்டில் வகை மாறினால் எனக்கு நேரடியாகச் சொல்வீர்களா. மூன்றாவதுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சனிக்கிழமை கூட்டம் அள்ளும், செவ்வாய்க்கிழமை போங்கள், நம் ஆட்கள் செவ்வாயில் ஆஸ்பத்திரிக்கு வர யோசிப்பதால் கவுன்சிலர் நிதானமாகப் பேசுவார்.